ஒழுங்கைக்குள் இறங்கிய வெள்ளைப் புகை

எங்கள் வீடு வடமராட்சிக் கரையில் இருக்கிறது. கடற்கரை வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஒடுக்கமாக ஒரு துண்டு நிலம். அதில் ஒழுங்கை ஒழுங்கையாகக் குடிமனைகள். வீதிக்கு மற்றப் பக்கம், தெற்கே, எங்கள் ஒழுங்கை வாசலுக்கு நேரே ஒரு ஐஸ் தொழிற்சாலை. மீனுக்கு ஐஸ் வேண்டும், ஐஸ் கட்ட அமோனியா வேண்டும். அதன் மணம் எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். சில நாட்களில் மூக்கைச் சுள்ளென்று பிடிக்கும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். யாரும் அதைப் பெரிதாக எடுத்ததில்லை.

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அமோனியா வளியை விட அடர்த்தி குறைந்தது, அதனால்தான் வாயுச்சாடியைக் கவிழ்த்துப் பிடித்துச் சேகரிக்கிறோம் என்று பதினாறு வருடங்களாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன். அது சரியான விஷயம்தான். ஆனால் அந்தச் சரியான விஷயத்தை நம்பி ஒரு நாள் நான் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிழையான சொல் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தை மாதக் கடைசி. விடிய ஐந்து மணி இருக்கும். பனி கொட்டிக்கொண்டிருந்தது. கடல் அடங்கிக் கிடந்தது, பனையோலை ஒன்றும் அசையவில்லை. மகன் உள்ளே நித்திரை. இவர் வவுனியாவில் வேலை என்பதால் வீட்டில் நானும் அம்மாவும் பிள்ளையும்தான். கேற்றைத் திறந்து முற்றம் கூட்டத் தொடங்கினேன். லொறி டயர் வெடித்தது போல ஒரு சத்தம். பிறகு நிற்காமல் உஸ்ஸென்று ஒரு இரைச்சல்.

எட்டிப் பார்த்தேன். வீதி விளக்கு வெளிச்சத்தில், ஒழுங்கை வாசலில், வெள்ளையாக ஏதோ நின்றது. பொங்கல் பானையில் நுரை விளிம்பைத் தாண்டி வழியுமே, அப்படி அது தார் வீதியின் விளிம்பைத் தாண்டி எங்கள் ஒழுங்கைக்குள் வழிந்தது. வேகமாக வரவில்லை. ஒரு ஆள் நடக்கிற வேகம்கூட இல்லை. முழங்கால் உயரம், பிறகு இடுப்பு உயரம். மேலே வெட்டவெளி கிடந்தும் அது மேலே போகவில்லை. மதிலோடு மதிலாக ஒட்டிக்கொண்டு எங்களை நோக்கி இறங்கியது.

பக்கத்து வீட்டு அண்ணை ஓடி வந்து என்ன என்று கேட்டார். "ஒண்டும் செய்யாது அண்ணை, அமோனியா பாரமில்லாத வாயு, மேல போயிடும். கதவைச் சாத்திப்போட்டு உள்ளுக்க இருங்கோ" என்றேன். அவர் என் சொல்லை நம்பி உள்ளே போனார். அதனால் அவருக்கும் அவருடைய மனைவிக்கும் நாலைந்து நிமிடம் வீணானது. அந்த நாலைந்து நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அதற்குள் ஒழுங்கையில் ஆட்கள் ஓடத் தொடங்கிவிட்டார்கள். எந்தப் பக்கம் ஓடினார்கள் தெரியுமா? தெற்கே, வீதியை நோக்கி, அந்தப் புகைக்குள்ளேயே. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் கரையில் யாராவது கத்தினால் கால்கள் தானாகவே கடலை விட்டு விலகி ஓடும். யாரோ "கடல் வருது" என்றும் கத்தினார்கள். முன்னே போன இரண்டு பொடியள் கண்ணைப் பொத்திக்கொண்டு, இருமிக்கொண்டு, சுவரைத் தடவியபடி திரும்பி வந்தார்கள்.

நான் வீட்டுக்குள் ஓடினேன். அம்மா விறாந்தையில் குப்புறப் படுத்திருந்தார். என் மகனையும் இழுத்துத் தனக்குக் கீழே போட்டு, அவன் பிடரியில் கையை வைத்து அமர்த்திக்கொண்டிருந்தார். "படு ராசா, தலையைத் தூக்காத" என்றார். ஷெல் சத்தம் கேட்டால் படு, பொம்பர் வந்தால் பதுங்குகுழிக்குள் இறங்கு என்று எத்தனை வருடம் அந்த உடம்பு பழகியிருக்கிறது. அந்தப் பழக்கம்தான் எங்களை உயிரோடு வைத்திருந்தது. ஆனால் அன்றைக்கு நிலம்தான் ஆபத்தான இடம். கேற்றுக்குக் கீழ் இடைவெளியால் அந்த வெள்ளை ஏற்கெனவே முற்றத்துக்குள் நுழைந்துவிட்டது. "அம்மா எழும்புங்கோ, படுக்கக் கூடாது" என்று கத்தி அவரை இழுத்து நிமிர்த்தினேன்.

வழி காட்டியது பெரியப்பா. பின்வளவில் இருக்கிறவர், ஐம்பது வருடம் கடலுக்குப் போனவர். வாளித் தண்ணீரில் கையை விட்டுத் தன் பிடரியையும் காதுகளின் பின்பக்கத்தையும் நனைத்தார். கண்ணை மூடி ஒரு தரம் மெதுவாகத் திரும்பி நின்றார். "தரைக்காத்து. கடலுக்குத்தான் இழுக்குது. றோட்டுக்கும் போகேலாது, கடற்கரைக்கும் போகேலாது. கிழக்கால மதில் ஏறுவம்" என்றார். எனக்குக் காற்று என்று ஒன்றே தெரியவில்லை. நனைந்த பிடரிக்குத் தெரிந்திருக்கிறது.

தேங்காய் பிடுங்கிற ஏணியைக் கிழக்கு மதிலில் சாத்தினோம். துவாய்களை நனைத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, முதலில் பிள்ளை, பிறகு அம்மா. எழுபத்தொரு வயதுக்காரி, ஒரு காலில் மூட்டு வருத்தம். மதில் மேல் அவரை இருத்தி, அந்தப் பக்கம் நின்றவர்கள் இடுப்பில் பிடித்து இறக்கினார்கள். நான் மதிலில் நின்றே பக்கத்து வீட்டு அண்ணையைக் கத்திக் கூப்பிட்டேன். அவர்களும் எங்கள் வளவால் வந்தார்கள். அண்ணையின் மனைவி, அக்கா, வாசலைத் தாண்டும்போதே கண் திறக்க முடியாமல் இருந்தார். அடுத்த வளவுக்கு அப்பால் பனையோலை வேலி, அதில் ஒரு பழைய பொட்டு, ஆள் நுழைகிற ஓட்டை, இருந்தது. குனிந்து புகுந்து போனோம். அதற்கடுத்தது இடிந்த மதில். அதையும் தாண்டினால் பிள்ளையார் கோயில் வீதி.

அங்கே மணமே இல்லை. இருநூறு, இருநூற்றைம்பது மீற்றர்தான் கிழக்கே வந்திருப்போம். கோயிலடியில் ஒரு ஐயா பூப் பறித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டார். அதே நேரம் கடலில் வலை இழுத்துக்கொண்டு நின்ற வள்ளத்துக்காரருக்கு, எங்களைப் போல இரண்டு மடங்கு தூரத்தில் நின்றவர்களுக்கு, கண் எரிந்திருக்கிறது. காற்று அடங்கிய நேரத்தில் வாயு விரிந்து பரவாது. கயிறு போல ஒடுக்கமாக, நீளமாகப் போகும். அதன் வழியில் நின்றால் அரைக் கிலோமீற்றரும் காணாது. வழியை விட்டுக் குறுக்கே விலகினால் கொஞ்சத் தூரமே போதும். புத்தகத்தில் இதைப் பிறகு படித்தேன். முதலில் படித்தது அன்று கோயில் வீதியில்தான்.

யாரும் சாகவில்லை. எங்கள் ஒழுங்கையில் நாலு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், எல்லோரும் திரும்பி வந்தார்கள். கூட்டில் அடைத்து வைத்திருந்த எங்கள் கோழிகள் போய்விட்டன.

அன்று இன்னொன்றும் நடந்தது. வெயில் ஏறியதும் வெள்ளை கரைந்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். மேற்காலே சுற்றித் தெற்கே போனவர்கள் தொழிற்சாலைக்கு அப்பால் ஒரு பாடசாலை மைதானத்தில் இருந்தார்கள். எட்டரை மணியளவில் காற்றுத் திரும்பியது. இரவில் நிலம் குளிர்ந்து கடலை நோக்கி வீசுகிற தரைக்காற்று நின்று, கடற்காற்று வாடைக்காற்றோடு சேர்ந்து வடகிழக்கிலிருந்து வரத் தொடங்கியது. மிச்சமிருந்த மணம் அந்த மைதானத்துக்குப் போனது. விடியப் பாதுகாப்பாக இருந்த இடம் ஒன்பது மணிக்கு அப்படி இருக்கவில்லை. கரையோரத்தில் இருக்கிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்: போய் நின்ற இடத்தில் காற்றைப் பார்த்துக்கொண்டே இருங்கள், ஒருமுறை பார்த்தது காணாது.

இரண்டு நாள் கழித்து ஒழுங்கையால் நடந்தபோதுதான் அந்தக் கோட்டைக் கண்டேன். வீதி முனையில் ஒரு வீட்டுக்கு இன்னும் பூவரசு வேலி. அதன் இலைகள் கீழே கருகிப் பழுப்பாக இருந்தன, மேலே பச்சையாக இருந்தன. இரண்டுக்கும் நடுவில் யாரோ அடிமட்டம் வைத்துக் கீறியது போல ஒரு எல்லை. அளவு நாடா எடுத்து வந்து அளந்தேன். வீதி முனையில் 1.2 மீற்றர். கீழே, மழைத் தண்ணீர் தேங்குகிற மதகடியில், முருங்கை மரத்தில் கிட்டத்தட்ட 2 மீற்றர். வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் அடையாளம் இருக்குமே, அதேதான். வாயு எங்கள் ஒழுங்கைக்குள் வெள்ளம் போல வந்து, பள்ளத்தில் தேங்கி நின்றிருக்கிறது. என் மகனின் உயரம் 1.1 மீற்றர். அந்த நாடாவைப் பிடித்துக்கொண்டு கனநேரம் அங்கேயே நின்றேன்.

சரி, பாரமில்லாத வாயு ஏன் நிலத்தோடு வந்தது?

தொழிற்சாலையில் அமோனியா அழுத்தத்தில் திரவமாக இருக்கிறது. குழாய் விட்டதும் அது கொதித்து ஆவியாகும். அதன் கொதிநிலை −33 பாகை செல்சியஸ். ஒரு லீற்றர் திரவம் ஏறத்தாழ 850 லீற்றர் வாயுவாகும். அந்த வாயு கடுங்குளிராக வருகிறது. கூடவே ஆவியாகாத நுண்ணிய துளிகளும் பறக்கின்றன. சுற்றியுள்ள ஈரக் காற்றையும் அது குளிர வைத்துப் பனிப்புகாராக்குகிறது. எல்லாம் சேர்ந்த கலவை சாதாரண வளியை விடப் பாரம். சூடேறிய பிறகுதான் அது நான் படிப்பித்த அமோனியாவாக மாறி மேலே எழும்பும். தை மாதத்து விடியலில், பனிக்குள், அதற்குச் சூடு எங்கேயிருந்து கிடைக்கும்? நாங்கள் கண்ட வெள்ளையில் பெரும்பகுதி நீர்த்துளிகள்தான். அமோனியா நிறமில்லாதது. வெள்ளை முடிகிற இடத்துக்கு அப்பாலும் அது இருக்கும். வெள்ளை எல்லைக்கு வெளியே நிற்கிறேன், பயமில்லை என்று நினைக்க வேண்டாம்.

இரண்டாவது காரணம் அந்த நேரத்து வானம். யாழ்ப்பாணத்தில் பனிக்கால விடியலில் யாராவது காவோலை எரித்தால் பாருங்கள். புகை நேரே எழும்பி, வடலி உயரத்துக்கு வந்ததும் எதிலோ முட்டியது போல நின்று, பாய் விரித்தது மாதிரிப் படியும். வயல்வெளியில் பார்த்தால் ஒரு மைல் தூரத்துக்கு அந்தப் பாய் கிடக்கும். முகில் இல்லாத இரவில் நிலம் தன் சூட்டை இழந்துவிடுகிறது. நிலத்தோடு ஒட்டிய காற்று குளிர்ந்து கீழே கிடக்க, மேலே இருக்கிற காற்று அதை விடச் சூடாக இருக்கும். பானைக்கு மூடி போட்டது போல. வெயில் ஏறி நிலம் சூடாகும்வரை அந்த மூடி திறக்காது. அதே காவோலையை மத்தியானம் எரியுங்கள், புகை சிதறிக் கலைந்து காணாமல் போகும். ஆடி மாதச் சோழகக் காற்றில் எரித்தால் மணம்கூட மிஞ்சாது.

1961இல் பிராங்க் பஸ்குவில் என்ற பிரித்தானிய வானிலை அறிஞர் காற்றின் இந்தக் குணங்களை ஆறாக வகுத்தார். கொளுத்தும் வெயிலில் காற்றுப் புரண்டு எல்லாவற்றையும் கலக்கிவிடுகிற நிலை முதலாவது. முகில் இல்லாத, காற்று மெல்ல அசைகிற இரவு ஆறாவது. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம், தொழிற்சாலைகள் தங்களின் மிக மோசமான விபத்தைக் கணிப்பதற்கு இந்த ஆறாவது நிலையையும் விநாடிக்கு 1.5 மீற்றர் காற்றையும்தான் எடுக்கச் சொல்கிறது. விநாடிக்கு 1.5 மீற்றர் என்றால் ஒரு ஆள் கொஞ்சம் விரைவாக நடக்கிற வேகம். புயல் காற்று இல்லை, நடக்கிற காற்று. இதை வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஏனென்றால் எங்கள் விடியல் அப்படியேதான் இருந்தது.

போபாலிலும் 1984 டிசம்பர் 2ஆம் திகதி நள்ளிரவு, குளிர் நேரம், மெல்லிய காற்று. ஏறக்குறைய 40 தொன் மீதைல் ஐசோசயனேற்று தொழிற்சாலையிலிருந்து வெளியேறி, நெருங்கிக் கட்டிய குடிசைகளுக்குள் நிலத்தோடு போனது. அந்த ஆவி வளியைப் போல இரண்டு மடங்கு பாரம். நித்திரையிலிருந்து எழும்பிய சனம் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் காற்றுப் போன பக்கமே ஓடியது. கமரூனில் நியோஸ் ஏரியிலிருந்து 1986 ஓகஸ்ட் 21ஆம் திகதி இரவு காபனீரொட்சைட்டு பொங்கியது. அங்கே வழி காட்டியது மலை. பள்ளத்தாக்குகளால் ஆறு போல ஓடி, 25 கிலோமீற்றர் வரைக்கும் போய், சுமார் 1,700 பேரை நித்திரையிலேயே கொன்றது. மேட்டில் இருந்தவர்கள் தப்பினார்கள்.

எங்களிடம் மலை இல்லை. குடாநாடு முழுக்கத் தட்டையான சுண்ணாம்புக்கல். தட்டையான ஊரில் பள்ளத்தாக்கு இல்லையே என்று ஆறுதல்படலாம் போலத் தோன்றும். ஆனால் ஓடிப்போய் ஏற உயரமான மேடும் இல்லை. மேலும் எங்கள் பள்ளத்தாக்குகளை நாங்களே கட்டி வைத்திருக்கிறோம். என் சின்ன வயதில் ஊரெல்லாம் கிடுகு வேலியும் பனையோலை வேலியும் கிளுவையும்தான். காற்று அதற்குள்ளால் ஊடுருவும். வாயு வந்தாலும் சல்லடையில் போல வளவுகளுக்குள் சிதறி ஐதாகிவிடும். சண்டை முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாரும் ஆறடி மதில் கட்டினோம். இப்போது எங்கள் ஒழுங்கை இரண்டு பக்கமும் அடைத்த வாய்க்கால். மழைத் தண்ணீர் ஓடி ஓடி அதன் நடுவும் வளவுகளை விடப் பதிந்துவிட்டது. தொழிற்சாலைப் பக்கத்து மேட்டிலிருந்து கடல் பக்கம் சாய்ந்த வாய்க்கால். பாரமான வாயுவுக்கு அதைவிட நல்ல பாதை வேண்டியதில்லை. மதிலைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, பாதுகாப்புக்காகத்தான் கட்டினோம். ஆனால் எங்கள் வளவுகளை இணைத்த பொட்டுகளும் அதோடு போய்விட்டன.

கிணற்றைப் பற்றி இங்கே சொல்லாமல் விட முடியாது. யாழ்ப்பாணத்தில் அமோனியாவை விடக் கூடுதலாகப் பயப்பட வேண்டியது கிணறுதான் என்று நினைக்கிறேன். சேறு எடுக்கக் கிணற்றை இறைக்கும்போது மண்ணெண்ணெய் வோட்டர் பம்பை உள்ளே இறக்கி ஓட விடுகிறார்கள். அந்தப் புகையில் இருக்கிற காபனோரொட்சைட்டின் அடர்த்தி வளியினதைப் போலத்தான். வெளியே என்றால் காற்று அள்ளிப்போய்விடும். கிணற்றுக்குள் காற்று இல்லை, வெளியேற வழி இல்லை, மணமும் இல்லை. இறங்கினவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கினவரும் விழுவார். விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பது எங்கள் முன்னோரின் வழக்கம். ஒட்சிசன் குறைந்திருந்தால் விளக்கு அணையும், அது உண்மை. ஆனால் காபனோரொட்சைட்டு ஆளைக் கொல்லுகிற அளவில் இருக்கும்போதும் விளக்கு எரியும். பம்பை மேலே வைத்து இறையுங்கள். ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால் பின்னால் இறங்காதீர்கள், கயிற்றால் தூக்கப் பாருங்கள், உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். பாவனையில் இல்லாத பழைய பதுங்குகுழி, மலக்குழி, வற்றிய கேணி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மலக்குழியில் வருகிற ஐதரசன் சல்பைட்டு கொஞ்ச நேரத்தில் மூக்கையே மரக்க வைத்துவிடும். மணம் போய்விட்டது என்று இறங்குகிறவர் ஏமாந்துபோவார்.

அந்தத் தை மாதத்துக்குப் பிறகு பத்தாம் தரப் பிள்ளைகளோடு ஒரு வேலை செய்தோம். கார்த்திகை மழையில் ஊரில் எங்கெங்கே வெள்ளம் நின்றது, எந்த ஒழுங்கையால் ஓடியது என்று ஒவ்வொருவரும் தங்கள் பகுதியைக் கீறிக்கொண்டு வந்தார்கள். பாரமான வாயு காற்றில்லாத நேரத்தில் நிற்கப்போகிற இடமும் கிட்டத்தட்ட அதுதான். குளோரீன் வளியைப் போல 2.5 மடங்கு பாரம். தண்ணீர் சுத்திகரிக்கிற இடங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் இந்தப் படம் உதவும். வெள்ளப் படத்துக்குப் பெரிய கருவி வேண்டாம். முதல் நாள் கொப்பியோடு வந்த ஒரு மாணவி, வெள்ளம் வந்தால் தாங்கள் போய் நிற்கிற மேட்டு வளவு ஒன்றைக் காட்டினாள். அதற்கு வீதி வழி ஒன்றும், வயல் வழி ஒன்றும் இருந்தன. இரண்டு வழி உள்ள மேடுகளை மட்டும் பச்சை நிறம் தீட்டினோம்.

காற்றைப் பார்க்க சொப்பின் பையைக் கீலமாக வெட்டி ஒரு கம்பில் கட்டி, கூரை உயரத்துக்கு நட்டு வைத்திருக்கிறோம். அதுவும் தொங்கிப்போய் அசையாமல் இருக்கும் விடியல்களில் ஊதுபத்தி கொளுத்திப் பார்ப்போம். ஒரு மாதம் பிள்ளைகள் விடிய ஐந்துக்கும் மத்தியானமும் பின்னேரமும் எழுதி வைத்தார்கள். விடியக் கடலை நோக்கி, பத்து மணிக்குப் பிறகு கடலிலிருந்து என்பது அந்த எழுத்தில் தெளிவாகத் தெரிந்தது. பெரியப்பாவிடம் காட்டினேன். "வைகாசியில சோழகம் பிடிச்சா இது மாறும், திரும்ப எழுதோணும்" என்றார். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று அவர் சொல்கிற ஒவ்வொரு பெயருக்கும் ஒரு திசையும் ஒரு காலமும் இருக்கிறது. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் போய்க் கேளுங்கள், எழுதி வையுங்கள்.

காற்று எங்கள் ஊர் எல்லையோடு நிற்பதும் இல்லை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரம் இந்தியப் பக்கமிருந்து வந்த மாசுக் காற்றால் யாழ்ப்பாணம் மூடுண்டு கிடந்தது. 9ஆம் திகதி நாடு முழுக்கப் பாடசாலைகளை மூடினார்கள். அன்று சூரியனைக் கண் கூசாமல் பார்க்க முடிந்தது.

வெளியேற வழி இல்லாமல் வீட்டுக்குள் நிற்க வேண்டி வந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். எங்கள் வீடுகளில் காற்றோட்டத்துக்குப் பூக்கல் வைத்திருப்போம், ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் இடைவெளி இருக்கும். முழுதாக அடைக்க முடியாது. ஆனால் உள் அறை ஒன்றில், கதவுக்குக் கீழே ஈரச் சாக்கையோ சேலையையோ அடைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு இருந்தால் கொஞ்ச நேரம் தாங்கலாம். மாடி இருந்தால் மாடி. பிள்ளையை நிலத்தில் விடாமல் தூக்கி வைத்திருங்கள். வெளியே வாயு கடந்து போனதும் உடனே எல்லாவற்றையும் திறந்து வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே மெதுவாகப் புகுந்தது மெதுவாகத்தான் வெளியேறும். வெளியே காற்றுச் சுத்தமான பிறகும் பூட்டின அறைக்குள் இருந்து மூச்சு விடுவது வீண் ஆபத்து.

அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும். அதனால் அன்று ஈரத் துவாய் எங்களுக்குக் கை கொடுத்தது. எல்லா வாயுவுக்கும் அது கேட்கும் என்று நம்ப வேண்டாம். தண்ணீரில் கரைகிற அதே குணத்தால்தான் கண்ணையும் வியர்த்த தோலையும் அது சுடுகிறது. கண்ணைக் கசக்காமல் கிணற்றுத் தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கோயில் கிணற்றடியில் அப்படித்தான் செய்தோம். நிலத்தில் தேங்கிய திரவ அமோனியா மேல் தண்ணீர் அடிக்க மட்டும் போகாதீர்கள். தண்ணீரின் சூடு பட்டு அது இன்னும் வேகமாகக் கொதித்துக் கிளம்பும். அது பயிற்சி பெற்றவர்களின் வேலை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்சுக்கு 1990. பிள்ளைகளுக்கும் அதைப் பாடமாக்கி விட்டிருக்கிறோம்.

அம்மாவுக்குப் புரிய வைக்கத்தான் கனநாள் எடுத்தது. குண்டென்றால் படு, கடலென்றால் தெற்கே ஓடு, வாயுவென்றால் நிமிர்ந்து குறுக்கே போ என்று மகன் அவருக்குப் பாட்டு மாதிரிச் சொல்லிக் கொடுத்தான். "எத்தினைக்கெண்டு ஞாபகம் வைக்கிறது பிள்ளை" என்று ஒரு நாள் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பிறகு அவரே மதிலைக் காட்டி, "அதில ஒரு வழி விடு. வழி கண்ணுக்குத் தெரிஞ்சா கால் போகும்" என்றார்.

போன பங்குனியில் மேசன் வந்து கிழக்கு மதிலை இரண்டரை அடி அகலத்துக்கு உடைத்து ஒரு சின்னக் கேற் போட்டார். பூட்டு இல்லை, கொழுக்கி மட்டும். பக்கத்து வளவுக்காரரும் தங்கள் மற்றப் பக்கத்து மதிலில் அதே மாதிரி ஒன்று வைத்துவிட்டார்கள். கோயில் வீதிவரை இப்போது ஏணி இல்லாமல் போகலாம். அம்மா தினமும் விடியப் பூப் பறிக்க அந்த வழியால்தான் போகிறார். பொட்டு என்றுதான் அதைச் சொல்கிறார்.